எத்தனை அடுப்பு?

அத்தியாயம் 17

காரில் வந்த மூன்று பேருக்கும் கழுத்து வலி. ரயிலில் வந்த வேதாசலத்துக்கு ஒரு வலியும் இல்லை. காலைக் காப்பி முடிவதற்குள் இதை அவர் மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டார். லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்த்தே ஓய்வு பெற்ற மனுஷர். ரயில்வே பாஸ் கையில் இருக்கும்போது ஹைதராபாத்திலிருந்து மகனுடைய காரில் காலை மடக்கிக்கொண்டு வர அவருக்கு என்ன தலையெழுத்து?

அவர் காரில் வராததே நல்லதாய்ப் போயிற்று என்று மருமகள் மைதிலி நினைத்துக்கொண்டாள். வந்திருந்தால், வழியில் பேசியதைப் பேசியிருக்க முடியாது.

ஹப்சிகுடா வீட்டில் பெட்டி கட்டும்போது மைதிலி அழுததும், அவள் கணவன் கணேஷ்குமார் அதைப் பார்த்தும் பார்க்காதவன்போல டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கக் கீழே இறங்கிப் போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இவர்கள் பிரியப்போகிறார்கள். ஜூன் முதல் தேதி கணேஷ்குமார் போவன்பள்ளியில் பார்த்து வைத்திருக்கும் ஃப்ளாட்டுக்குப் போய்விடுவான். மைதிலியும் பத்து வயது சஹஸ்ராவும் ஹப்சிகுடாவிலேயே இருப்பார்கள். விஷயம் குழந்தைக்கும் தெரியாது, வேதாசலத்துக்கும் தெரியாது. பீமிலிக்கு வடக்கே இந்தக் கடற்கரை விடுதியை ஜனவரியிலேயே பதிவு செய்தாகிவிட்டது. ரத்து செய்தால் குழந்தை ஏன் என்று கேட்கும். அதனால் மூன்று நாள் சிரித்த முகமாக இருந்துவிட்டு, ஊர் திரும்பிய பிறகு இருவருக்கும் சொல்லிக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

மூன்று நாள். அவ்வளவுதான் மைதிலி கேட்டது. குழந்தை மனதில் இந்தக் கடலாவது கலங்காமல் இருக்கட்டும் என்று அவளுக்கு இருந்தது.

இவர்களுக்குள் பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் யாராவது வந்து சமாதானம் செய்து வைத்திருப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் திருச்சியில் மைதிலியின் அம்மா படுத்த படுக்கையாக இருந்து இறந்துபோனாள். கணேஷ்குமார் காரியத்துக்கு முதல் நாள்தான் வந்தான். ஆபீஸில் ஏதோ தலைபோகிற வேலை. ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. வந்திருக்க வேண்டும் என்று அவனும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் பால், கரண்ட் பில், ஸ்கூல் வேன் இவற்றைத் தவிரப் பேச்சில்லை. உப்புப் பெறாத விஷயம் என்று சிலர் சொல்லலாம். தாய் செத்த வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

காரில் நடந்தது இது. சூரியாபேட்டை தாண்டியதும் சஹஸ்ரா பின்சீட்டில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். முன்சீட்டில் இருவரும் தமிழில் ஆரம்பித்தார்கள். அந்த வீட்டில் தமிழ் ரகசிய பாஷை. குழந்தை ஸ்கூலில் இங்கிலீஷ், வேனில் ஹிந்தி, அபார்ட்மென்ட் வாசலில் தெலுங்கு. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும். அதனால் அதற்குத் தமிழ் எட்டாது என்று பெற்றவர்கள் தாங்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். இங்கிலீஷில் பேசினால் தெரிந்துவிடும் என்று பயந்து, பாலைப் பூனையிடமே கொடுத்து வைத்தார்கள்.

மிக்ஸி யாருக்கு, ஞாயிற்றுக்கிழமை யாருக்கு, பரீட்சை சமயத்தில் குழந்தை எங்கே என்றெல்லாம் பேசினார்கள். சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்று மைதிலி கேட்டாள். ரெண்டு பர்னர் அடுப்பு ஒன்று வாங்கியாகிவிட்டது என்றான் அவன்.

வேதாசலமும் சும்மா வரவில்லை. அவர் சட்டைப் பைக்குள் இல்லாவிட்டாலும் நெஞ்சுக்குள் ஒரு பொட்டலம் வைத்திருந்தார்.

மனைவி போன பிறகு மௌலா அலியில் ஒரு வாடகைப் போர்ஷனில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தவர் அவர். எங்களோடு வந்துவிடுங்கள் என்று மகனும் மருமகளும் பொங்கலுக்குப் பொங்கல் கூப்பிடுவார்கள். இவர் பிகு பண்ணிக்கொள்வார். இந்த வருஷம் முழங்கால் பேச ஆரம்பித்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்காரரிடம் போர்ஷனைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார். கிளம்புகிற அன்று கேஸ் அடுப்பைத் தூக்கிப் பக்கத்து வீட்டு அன்னக்கிளியிடம் கொடுத்துவிட்டார். அவள் வேண்டாம் என்றாள். என் மருமகள் வீட்டில் நாலு பர்னர் இருக்கிறது, இது எனக்கு எதற்கு என்று சொல்லி அவள் கையில் திணித்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு ஆட்டோ ஏறினார். விடுதியில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட உட்காரும்போது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். மருமகள் முகம் எப்படி மலரும் என்று ரயிலில் படுத்துக்கொண்டு பலமுறை பார்த்துவிட்டார்.

காலையில் அவரும் சஹஸ்ராவும் பாறைகள் பக்கம் நடந்தார்கள். கருத்த பாறைகள் கடலுக்குள் கால் நீட்டியிருந்தன. அலை வந்து மோதிவிட்டு, இடுக்கில் புகுந்து, வேறொரு வழியாக நுரைத்துக்கொண்டு வெளியே வந்தது. மேட்டில் செம்மண் வெட்டுப்பட்டு நின்றது. கீழே மணலில் படகுகள் கவிழ்ந்து கிடந்தன.

குழந்தை நண்டு பார்க்கவில்லை, சிப்பி பொறுக்கவில்லை. கேள்வி கேட்டுக்கொண்டு வந்தது. மௌலா அலியிலிருந்து தன் ஸ்கூலுக்கு வேன் வருமா என்றது. தாத்தா வீட்டில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறதா என்றது. கடைசியில், உங்கள் வீட்டு அடுப்பு நன்றாக எரிகிறதா என்று கேட்டது.

வேதாசலத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்னக்கிளி ஃபோன் பண்ணிப் போட்டுக் கொடுத்துவிட்டாளோ? ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று சிரித்துக்கொண்டு சொன்னார்.

“என் அடுப்புக்கு இன்னா? ராஜா மாதிரி எரியுது. நீ லீவுக்கு வந்தா தோசை ஊத்தித் தர்றேன்.”

குழந்தை அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டது. பாறை வழுக்குகிறது, அதனால்தான் என்று அவர் நினைத்தார்.

அவர்கள் திரும்பி வந்தபோது குப்பத்து ஆட்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கரையிலிருந்து இழுக்கிற வலைக்குத் தடை இல்லை. விடியலில் ஒரு படகு போய்க் கடலில் அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு வந்திருந்தது. வலையின் இரண்டு முனைக் கயிறுகளும் கரையில் இரண்டு கூட்டங்கள் கையில். கயிற்றை இடுப்பில் முட்டுக்கொடுத்துப் பின்பக்கமாகவே நடந்து இழுத்தார்கள். ஒரு கிழவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் எதிர்க்குரல் கொடுத்து இழுத்தார்கள்.

மைதிலியும் கணேஷ்குமாரும் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் இன்னும் இரண்டு பேர் நிற்கிற இடைவெளி இருந்தது. சஹஸ்ரா ஓடிப் போய்க் கயிற்றைப் பிடித்தாள். இப்படிப் பார்க்க வந்தவர்கள் பிடிப்பது அங்கே வழக்கம்தான்.

கயிற்றோரம் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். நூகாலம்மா என்று பெயர். அந்தக் குப்பத்தில் வலை இழுப்பது ஆண்கள், பங்கு பிரிப்பது அவள். தெலுங்கில் விளக்கினாள். தொட்டால் தொட்டதுதான். வலையின் மடி, அதாவது மீன் சேருகிற பை, கரை ஏறும்வரை கயிற்றை விடக் கூடாது. பாதியில் விட்டால் வலை கோபித்துக்கொள்ளும். கடைசிவரை பிடித்தவருக்கு, அவர் கலெக்டரானாலும் கைக்குழந்தையானாலும், பங்கு உண்டு.

“போட்டோவுக்குப் பிடிக்கிறதுன்னா இப்பவே விட்டுடு” என்றாள் மைதிலி மகளிடம்.

குழந்தை விடவில்லை. மைதிலி அதன் பின்னால் போய்ப் பிடித்தாள். வேதாசலம் பிடித்தார். எல்லோரும் பிடித்த பிறகு கணேஷ்குமார் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். இடம் இருந்தது மைதிலிக்குப் பின்னால்தான்.

கயிறு ஈரமும் உப்புமாகக் கையை அறுத்தது. காலடியில் மணல் சரிந்தது. அலை வலையை அந்தப் பக்கம் இழுக்க, ஒருமுறை மைதிலி தடுமாறி உட்காரப் பார்த்தாள். அவன் ஒரு கையால் அவள் முழங்கையைத் தாங்கினான்.

“நக்கோ, விடாதே. நான் பிடிச்சிருக்கேன்.”

கல்யாணமான புதிதில் அவன் வாயிலிருந்து ‘நக்கோ’ வந்தால் அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். திருச்சிக்காரிக்கு, வேண்டாம் என்பதற்கு அந்த ஹைதராபாத் வார்த்தை அவ்வளவு வேடிக்கையாக இருந்தது. இப்போதும் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான் என்பது முதுகுக்குப் பின்னால் கேட்ட மூச்சிலிருந்து தெரிந்தது. எவ்வளவு நாளாயிற்று. கையை இப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னால் வைத்துக்கொள்வானோ என்று ஒரு நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அவர்கள் இருவருக்கும் கேட்டுப் பழக்கமில்லையே, அதுதான் வியாதி.

மடி கரை ஏறியது. குப்பத்துப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். நெத்திலியும் சாளையுமாக வெள்ளை வெள்ளையாகத் துள்ளியது. நடுவில் நாலைந்து நீளமான வாளை மீன்கள். பரவாயில்லை, நல்ல வலைதான் என்று பேசிக்கொண்டார்கள்.

நூகாலம்மா கூடையோடு ஒவ்வொருவராக வந்தாள். அவள் தலையை எண்ணவில்லை. எத்தனை அடுப்பு என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஒரு வீட்டில் அஞ்சு பேர் இழுத்தாலும் பொங்குகிற அடுப்பு ஒன்றுதானே, அடுப்புக்கு ஒரு பங்கு. அண்ணன் தம்பி தனித்தனியாகப் பொங்கினால் ரெண்டு பங்கு. அடுப்புக் கணக்கில் பொய் சொல்லக் கூடாது, சொன்னால் அடுத்த வலையில் பாசிதான் வரும் என்பது அந்தக் குப்பத்தில் எல்லோரும் நம்புகிற விஷயம். பக்கத்தில் நின்ற அண்ணன் தம்பி இருவர், போன மாதம்தான் பிரிந்தவர்கள்போல, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ரெண்டு என்றார்கள். அவள் ஒன்றும் கேட்காமல் ரெண்டு குவியல் வைத்தாள்.

பிறகு வேதாசலத்தின் முன் வந்து நின்றாள். மூத்தவர் அவர்தான், அவரைத்தான் கேட்க வேண்டும். எத்தனை அடுப்பு?

மாமனார் மௌலா அலியில் ஒன்று, ஹப்சிகுடாவில் ஒன்று என்று ரெண்டு சொல்வார், அதோடு முடிந்துவிடும் என்று மைதிலி காத்திருந்தாள்.

வேதாசலம் நெஞ்சை நிமிர்த்தினார். சாப்பாட்டு நேரம்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? இதைவிட நல்ல சமயம் எப்போது வரும்? மகனையும் மருமகளையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, ஒரு விரலை உயர்த்தி, தெலுங்கில் ஒன்றுதான் என்றார். ஏன் ஒன்று என்று அவர்கள் கேட்பதற்காகக் காத்திருந்தார்.

கேட்டது அவர்கள் இல்லை.

“ஒண்ணு இல்ல தாத்தா. மூணு.”

சஹஸ்ரா தமிழில் சொன்னாள். உச்சரிப்பு கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் தமிழ்தான். வேதாசலத்துக்கு முதலில் அந்த சந்தோஷம்தான் வந்தது. பேத்தி தமிழ் பேசுகிறாளே! மீனுக்காக இவ்வளவு பேராசை கூடாது என்று சிரித்துக்கொண்டே அவள் தலையில் குட்டப் போனார்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். “தாத்தாவுது ஒண்ணு. அம்மாவுது ஒண்ணு. டாடிது ஒண்ணு, ரெண்டு பர்னர்.”

மைதிலி மகளைப் பார்த்தாள். காரில், பின்சீட்டில், கண்ணை மூடிக்கொண்டு.

“நீ பாட்டு கேட்டுட்டுத்தானே இருந்தே?” என்று கேட்டாள்.

“ஹெட்ஃபோன்ல சார்ஜ் இல்லம்மா.”

குழந்தை கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. சூரியாபேட்டையிலிருந்து இங்கே வரைக்கும், நேற்று இரவும், காலையில் பாறை மேலும், மனதுக்குள்ளேயே தனியாக எவ்வளவு அழ முடியுமோ அவ்வளவும் அழுது தீர்த்துவிட்ட முகம் அது. அதை யாரும் பார்க்கவில்லை. பெற்றவர்கள் இருவரும் சிரித்த முகமாக இருப்பதிலேயே மும்முரமாக இருந்தார்கள்.

“இன்னாடா சொல்றா இவ?” என்றார் வேதாசலம் மகனைப் பார்த்து.

கணேஷ்குமார் கீழே கிடந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்பா இரண்டாம் முறை கேட்டார். இரண்டாம் முறையும் அவன் கயிற்றைத்தான் பார்த்தான். பெரியவர் மருமகள் பக்கம் திரும்பினார்.

“அம்மாடி, நீ சொல்லு. கைக்கு, எதுக்கு இவன் வாயத் தொறக்க மாட்டேங்கறான்? குழந்த ஏதோ உளறுதுன்னு சொல்லு.”

சொல்லியிருக்கலாம். உளறுகிறாள் மாமா என்று ஒரு வார்த்தை. நூகாலம்மா ஒரு குவியலோ ரெண்டு குவியலோ வைத்துவிட்டுப் போயிருப்பாள். மைதிலி காப்பாற்ற நினைத்த மூன்று நாளில் இன்னும் ரெண்டு நாள் மிச்சம் இருந்தது. ஆனால் குழந்தை அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த முகத்துக்கு எதிரே இன்னொரு பொய்யைச் சொன்னால், அதன் பிறகு எந்த பாஷையில் எதைச் சொன்னாலும் இவள் நம்ப மாட்டாள் என்று மைதிலிக்குப் புரிந்தது.

“மூணுதான் மாமா” என்றாள்.

கணேஷ்குமார் மணலில் உட்கார்ந்துவிட்டான். முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். எழுந்து வந்து மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. கால் வரவில்லை. இவன் குணமே இதுதான், வர வேண்டிய நேரத்தில் கால் வராது. மைதிலிக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அதுவே அவளுக்கு மேலும் துக்கமாக இருந்தது.

வேதாசலம் உயர்த்திய விரலை இன்னும் இறக்கவில்லை. அது தன் விரல்தான் என்பதே மறந்துபோனவர்போல நின்றார். எப்போதிலிருந்து, எதனால் என்று ஒன்றும் அவர் கேட்கவில்லை. கூப்பிட்டார்களே, பொங்கலுக்குக்கூடக் கூப்பிட்டார்களே என்று மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

நூகாலம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மூணு விரலும் தெரிந்தது, முகங்களும் தெரிந்தன. அவள் குனிந்து, ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல் மூன்று குவியல் வைத்தாள். பிறகு கையால் ஓரங்களை ஒதுக்கி, குவியலுக்குக் குவியல் கோடு போட்டாள். இது தாத்தாவுக்கு, இது அம்மாவுக்கு, இது அப்பாவுக்கு என்று கையைக் காட்டினாள்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. கயிறு பிடித்த குழந்தைக்குத் தனியாக ஒரு மீன் உண்டு. அது எந்த அடுப்பில் சாப்பிடுகிறதோ அந்தக் குவியலில் வைக்க வேண்டும். கூடையிலிருந்து நல்ல வாளையாக ஒன்றை எடுத்துக்கொண்டு, எதில் வைக்கட்டும் என்று மைதிலியைக் கேட்டாள்.

பரீட்சை சமயம், ஞாயிற்றுக்கிழமை, லீவு நாள் என்று காரில் பிரித்த கணக்கு ஒன்றும் இப்போது மைதிலிக்கு உதவவில்லை.

சஹஸ்ரா கையை நீட்டி அந்த மீனை வாங்கிக்கொண்டாள். வாலைப் பிடித்து, மணலில் படாமல் தூக்கிக்கொண்டு நடந்தாள். அம்மாவின் குவியலைத் தாண்டினாள். அப்பாவின் குவியலையும் தாண்டினாள். கணேஷ்குமார் கைவிரல்களின் இடுக்கு வழியாகப் பார்த்தான். வேதாசலத்தின் குவியல் முன்னால் மண்டியிட்டு, மற்ற மீன்களுக்குப் பக்கத்தில் அதை நேராகப் படுக்க வைத்தாள்.

“நான் தாத்தா வீட்டுல இருந்துக்கறேன்” என்றாள். “யாரும் சண்ட போட வேணாம். தாத்தா அடுப்பு நல்லா எரியுதாம்.”

காலையில் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக இப்போதுதான் வேதாசலத்துக்கு வந்து சேர்ந்தன. வேன் வருமா. கட்டில் போட இடம் இருக்கிறதா. அடுப்பு எரிகிறதா.

பேத்தி அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பதிலுக்கு நின்றாள். மௌலா அலியில், அந்தச் சமையல் மேடையில், அடுப்பு இருந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கில் நாலு கால் தடம்தான் இருக்கிறது. இந்நேரம் அன்னக்கிளி அந்த அடுப்பில் மத்தியானச் சோறு வைத்திருப்பாள். இதை இந்தக் குழந்தையிடம் எந்த பாஷையில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.